இணையத்தில் ஆபத்தான தகவல்: எதைத் தடுக்கலாம், எதைத் தடுத்துப் பயனில்லை

1979 மார்ச் மாதம் அமெரிக்க அரசு ஒரு சின்ன மாத இதழை நீதிமன்றத்துக்கு இழுத்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த இதழின் பெயர் 'தி புரோகிரசிவ்'. ஹைட்ரஜன் குண்டு எப்படி இயங்குகிறது என்று ஹோவர்ட் மோர்லேண்ட் என்பவர் அதற்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மனிதர் அணு விஞ்ஞானி இல்லை, முன்னாள் விமானப்படை விமானி. அரசின் கோப்பு எதையும் அவர் திருடவில்லை. கலைக்களஞ்சியம் போன்ற பொதுவில் கிடைக்கும் நூல்களைப் படித்தார், விவரம் தெரிந்தவர்களிடம் பேசினார், அவர்கள் சொன்னதையும் சொல்லத் தயங்கியதையும் சேர்த்துவைத்துப் படத்தை முழுமையாக்கினார். அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரை எரிசக்தித் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி, அணு ஆயுத வடிவமைப்பு பற்றிய தகவலை யார் எழுதினாலும் எழுதிய நொடியிலேயே அது அரசு ரகசியம். பிறக்கும்போதே ரகசியம் என்பார்கள். நீதிபதி ராபர்ட் வாரன் இடைக்காலத் தடை கொடுத்தார். பேச்சுரிமையில் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம், அணுகுண்டு விஷயத்தில் தவறினால் திருத்த யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்ற ரீதியில் போனது அவருடைய வாதம். லேசாக ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை அது.

ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசின் கதை கிழிய ஆரம்பித்தது. கட்டுரையில் இருந்ததைவிடக் கூடுதல் விவரம் கொண்ட ஓர் ஆவணம், அணு ஆயுதங்களை வடிவமைக்கும் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் நூலகத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும் அலமாரியில் இருந்தது தெரியவந்தது. தவறுதலாக ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். அப்புறம் சார்லஸ் ஹேன்சன் என்பவர் இதே விஷயங்களை விளக்கி எழுதிய ஒரு நீண்ட கடிதத்தை, செப்டம்பரில் அதே மேடிசனிலிருந்து வந்த ஒரு நாளிதழ் வெளியிட்டுவிட்டது. இனித் தடுத்து என்ன பயன்? அரசு வழக்கைக் கைவிட்டது. நவம்பர் இதழில் கட்டுரை வந்தது.

இணையம் வருவதற்கு முன்னால், ஒரே ஒரு இதழை, அணுகுண்டு போன்ற ஒரு விஷயத்தில், வல்லரசால் ஆறேழு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஹைட்ரஜன் குண்டு செய்யவும் இல்லை. காரணம் எளிது. புளூட்டோனியமோ செறிவூட்டிய யுரேனியமோ கடையில் கிடைக்காது. அதைத் தயாரிக்க அணு உலை வேண்டும், ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும், ஒரு நாட்டின் கஜானா வேண்டும். குண்டுக்கும் நமக்கும் நடுவே பல தாழ்ப்பாள்கள் இருந்தன. 'எப்படி இயங்குகிறது' என்ற அறிவு அவற்றில் ஒன்று, அதிலும் பலவீனமான ஒன்று.

இணையத் தடை பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: இந்தத் தகவல் ஒருவன் கைக்குப் போய்விட்டால், அதற்கு மேலும் அவனைத் தடுக்க வேறு தாழ்ப்பாள் இருக்கிறதா?

எதைப் பற்றிப் பேசுகிறோம்

'ஆபத்தான தகவல்' என்ற பையில் ஆளுக்கொன்றைப் போட்டுவிடுகிறார்கள். வதந்தி, வெறுப்புப் பேச்சு, அடுத்தவரின் அந்தரங்கப் படம், ராணுவ ரகசியம், வெடிகுண்டு செய்முறை என எல்லாம் அதில் கிடக்கும். இவை வேறு வேறு நோய்கள், ஒரே மருந்து வேலைக்கு ஆகாது.

வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் புரளி தமிழ்நாடு உட்பட நாடு முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்ணை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அந்தச் செய்தியில் 'எப்படிச் செய்வது' என்று எதுவும் இல்லை. அதன் ஆபத்து பொய்யிலும் அது பரவிய வேகத்திலும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே மூச்சில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றிக்கொண்டது. யாருடைய பேச்சையும் தடை செய்யவில்லை, வேகத்துக்குத்தான் கடிவாளம். வதந்திக்கு அது பொருத்தமான திசை என்று நினைக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது உண்மையான, வேலை செய்யக்கூடிய செய்முறைத் தகவலை. ஆயுதம், வெடிபொருள், நஞ்சு, நோய்க்கிருமி ஆகியவை பற்றியவை. பொய் என்றால் மறுக்கலாம். உண்மையாக இருந்து, அதனாலேயே ஆபத்தாக இருப்பதை என்ன செய்வது? சிக்கலான கேள்வி இதுதான்.

தடை வேண்டும் என்பவர்களின் வாதம் எல்லாருக்கும் உடனே புரியும். ஒரு வெறியனுக்கு வழி சொல்லிக் கொடுப்பானேன்? அந்தப் பக்கம் இல்லாவிட்டால் நூறு பேரில் சிலராவது சோம்பலாலேயே கைவிட்டுவிடுவார்கள். இது உண்மையும்கூட. கெட்டது செய்ய நினைக்கிறவர்கள் எல்லாரும் விடாமுயற்சிக்காரர்கள் இல்லை.

எதிர்வாதம் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும். அதே தகவல் கல்குவாரியில் வேலை செய்பவருக்கு வேண்டும், வேதியியல் மாணவிக்கு வேண்டும், விஷம் குடித்தவரைக் காப்பாற்ற ஓடும் மருத்துவருக்கு வேண்டும், தீயணைப்புக்காரருக்கு வேண்டும். எந்த இரண்டு பொருள் சேர்ந்தால் வெடிக்கும் என்பது கிடங்கு வைத்திருப்பவருக்குப் பாதுகாப்புப் பாடம். பக்கத்தை யார் படிக்கிறார்கள் என்று பக்கத்துக்குத் தெரியாது.

வெடிகுண்டுத் தகவல்கள் பற்றி ஆராயச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் 1996இல் சட்டமே இயற்றியது. மறு ஆண்டு அந்நாட்டு நீதி அமைச்சகம் அறிக்கை கொடுத்தது. அந்தத் தகவல்கள் இணையத்தில் மட்டுமல்ல, சாதாரண நூலகப் புத்தகங்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றன என்றது அறிக்கை. அதன் பிறகு 1999இல் வந்த சட்டம் தகவலைத் தடை செய்யவில்லை. குற்றம் செய்யப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு, அல்லது எதிரில் இருப்பவன் குற்றம் செய்யப்போகிறான் என்று தெரிந்தே, குண்டு செய்யக் கற்றுக்கொடுத்தால் குற்றம் என்றது. 20 ஆண்டுவரை சிறை. புத்தகம் குற்றமில்லை, புத்தகத்தை நீட்டும் கையின் எண்ணம்தான் குற்றம்.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. அங்கே 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 58ஆம் பிரிவு, பயங்கரவாதிக்குப் பயன்படக்கூடிய தகவலைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையுமே குற்றமாக்குகிறது. 2019இல் அதை இன்னும் இறுக்கி, இணையத்தில் பார்ப்பதையும் சேர்த்து, தண்டனையை 15 ஆண்டுவரை உயர்த்தினார்கள். தக்க காரணம் காட்டினால் தப்பலாம். செய்தியாளர், ஆய்வாளர் ஆகியோருக்கு அந்த வழி இருக்கிறது. ஆனால் காரணம் காட்ட வேண்டிய பாரம் படித்தவர் தலையில் விழுகிறது. எனக்கு அமெரிக்க வழிதான் சரியாகப் படுகிறது. ஆர்வத்தால் படிக்கும் பதினேழு வயதுப் பையன் நீதிமன்றத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

அறிவைத் தொடாமல் பொருளைத் தொடுவது

இலங்கையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. பெரும்பகுதி பூச்சிக்கொல்லி மருந்தால் நேர்ந்தவை. கிராமத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எந்த இணையதளமும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தகவலை மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசு பொருளில் கை வைத்தது. 1995இல் தொடங்கி, மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2008 முதல் 2011 வரை இன்னொரு சுற்று. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. விளைச்சல் குறைந்துவிடும் என்று பயந்தார்களே, அதுவும் நடக்கவில்லை.

மக்களுக்குத் தெரிந்திருந்தது மாறவில்லை. கைக்கு எட்டியது மாறியது. மன வேதனையின் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் பொருள் உயிர்கொல்லியாக இல்லாவிட்டால், பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். பொதுவாகவே, தடை வேண்டும் என்று பேச்சு எழும் போதெல்லாம் பொருளில் தாழ்ப்பாள் போட முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. இந்தியாவில் உரத்துக்கும் வெடிபொருளுக்கும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட்டை வாங்கவும் வைத்திருக்கவும் 2012 முதல் உரிமம் வேண்டும். அமிலத்தைக் கடையில் கேட்டவருக்கெல்லாம் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்தது. அமிலம் என்ன செய்யும் என்பதை யாரும் பாடப்புத்தகத்திலிருந்து நீக்கவில்லை.

சரி, பொருளே சாதாரணமாக இருந்தால்?

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் வைத்திருந்தது வீட்டிலேயே செய்த துப்பாக்கி. துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் ஜப்பானை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் குழாய்க்கும் மரத்துண்டுக்கும் எந்த நாட்டிலும் உரிமம் கேட்க முடியாது. பொருளின் பக்கம் தாழ்ப்பாள் போட வழியே இல்லை. இந்த இடத்தில் செய்முறை அறிவுதான் மிச்சமிருக்கும் தடுப்பு. ஜப்பான் 2024இல் தன் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, துப்பாக்கி செய்யும் காணொளி போன்றவற்றைப் போட்டு, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருக்கும்படி மற்றவர்களைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. அங்கேயும் 'தூண்டுவது' என்ற நோக்கம் பற்றிய சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று 2013 மே மாதம் நடந்தது. கோடி வில்சன் என்பவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யக்கூடிய கைத்துப்பாக்கியின் வரைபடக் கோப்பை இணையத்தில் போட்டார். ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காட்டி வெளியுறவுத் துறை அதை எடுக்கச் சொன்னது. எடுத்துவிட்டார். இடைப்பட்ட இரண்டே நாளில் சுமார் ஒரு லட்சம் பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோப்பு அதன் பிறகு வேறு இடங்களில் உலவிக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் போட வேண்டிய இடம் சரியாக இருக்கலாம், ஆனால் கதவு திறந்த பிறகு போட்டால் அர்த்தமில்லை.

பறவைக் காய்ச்சல்

தடைக்கு ஆதரவான மிக வலுவான வழக்கு என்றால் நான் நோய்க்கிருமியைத்தான் சொல்வேன். 2011இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ரான் ஃபூஷியே என்பவரின் குழுவும், அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகாவின் குழுவும் தனித்தனியாக ஒன்றைச் செய்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரைத் தொற்றுவது அபூர்வம், ஆனால் அப்படித் தொற்றியது உறுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவாது என்பது ஒன்றுதான் நிம்மதி. இந்த ஆய்வுகளில், சில மாற்றங்களோடு அது ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குகளுக்கிடையே காற்று வழியாகப் பரவியது. மனிதருக்குக் காய்ச்சல் பரவும் விதத்தை அறிய ஆய்வகங்கள் பயன்படுத்துவது அந்த விலங்கைத்தான்.

அமெரிக்க அரசின் உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2011 டிசம்பரில் ஒரு பரிந்துரை கொடுத்தது: முடிவை வெளியிடுங்கள், எந்த மாற்றங்கள், எப்படிச் செய்தோம் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது பறவைக் காய்ச்சல் அதிகம் உலவிய இடங்கள் இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து போன்றவை. கோழிப் பண்ணையில் எடுத்த மாதிரியில் அந்த ஆபத்தான மாற்றம் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள். எதைத் தேட வேண்டும் என்று சொல்லாமல் தேடச் சொல்ல முடியாது. 'நம்பகமானவர்களுக்கு மட்டும் தருவோம்' என்றார்கள். யார் நம்பகமானவர், பட்டியலை யார் போடுவது, ஆயிரம் பேருக்குக் கொடுத்தபின் அது ரகசியமா? இதற்கு வழி கண்டுபிடிக்க முடியவில்லை. 2012 மார்ச்சில் குழு தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டே இரு ஆய்வுகளும் முழுதாக வெளிவந்தன. நெதர்லாந்து அரசோ, ஆய்வை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பவே ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும் என்று ஃபூஷியேயிடம் சொல்லி, பிறகு உரிமத்தைக் கொடுத்தது.

வெளியிட்டது சரியா? இன்றுவரை விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் தடைக்குக் கொஞ்சம் இடம் கொடுப்பது இந்த ஒரு மூலையில்தான். அணுகுண்டுபோல வைரஸுக்குப் பல தாழ்ப்பாள்கள் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு இருப்பதும் தளர்கிறது. 2002இலேயே நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், அஞ்சலில் வரவழைத்த டிஎன்ஏ துண்டுகளை வைத்துப் போலியோ வைரஸை உருவாக்கிக் காட்டினார்கள். அதனால்தான் டிஎன்ஏ துண்டு தயாரித்து விற்கும் நிறுவனங்கள் பல, ஆர்டர் வந்ததும் அது ஆபத்தான கிருமியின் வரிசையா என்று சோதித்துப் பார்க்கின்றன. இதுவும் பொருளில் போடும் தாழ்ப்பாள்தான். எல்லா நிறுவனங்களும் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும் என்று அரசுகள் சட்டம் போட்டால் நான் கை தட்டுவேன்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள் வந்தபின் கேள்வி சற்று இடம் மாறியிருக்கிறது. பக்கம் ஒரே இடத்தில் கிடக்கும், படிப்பவருக்குப் புரியாத இடத்தில் நின்றுவிடும். செயலியோ சந்தேகம் கேட்டால் விளக்கும், தவறைத் திருத்தும். சிதறிக் கிடந்த தகவலைப் பொறுமையாகக் கோத்துத் தருவது என்ற வேலை, மோர்லேண்ட் செய்த அதே வேலை, மலிவாகிவிடுகிறது. இங்கே நிறுவனங்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுப்பதை நான் தணிக்கை என்று சொல்ல மாட்டேன். பாடப்புத்தகம் விற்கும் கடைக்காரர், குண்டு செய்ய உட்கார்ந்து உதவ மறுப்பதில் தவறில்லை.

நம்மூர் நிலவரம்

இந்தியாவில் இணையப் பக்கத்தை முடக்கும் முக்கிய அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுவதைத் தடுப்பது என்று காரணங்களை அது வரையறுத்திருக்கிறது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியபோதும் 69ஏ பிரிவைத் தொடவில்லை. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், குழு ஆராய வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. காகிதத்தில் பார்த்தால் நல்ல அமைப்புதான்.

நடைமுறையைப் பார்ப்போம். 2014 டிசம்பரில் ஐஎஸ் அமைப்பின் பிரசாரம் இருக்கிறது என்று 32 தளங்களை முடக்கினார்கள். அந்தப் பட்டியலில் மென்பொருளாளர்கள் அன்றாடம் வேலை செய்யும் கிட்ஹப் இருந்தது, விமியோ இருந்தது, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் இருந்தது. சில பக்கங்களுக்காக முழுத் தளமும் போயிற்று. இன்றைய தளங்கள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், இணையச் சேவை தரும் நிறுவனத்தால் எந்தத் தளம் என்று பார்க்க முடியும், அதற்குள் எந்தப் பக்கம் என்று பார்க்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கத் தளத்துக்காரர் ஒத்துழைக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தமாகப் பூட்டு. தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் தெரிந்தவர் அப்போதும் உள்ளே போய்விடுவார், தெரியாதவர் வெளியே நிற்பார். ஆபத்தான ஆள் எந்த வகை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் இணைய விளையாட்டு என்று பேசப்பட்ட 'ப்ளூ வேல்' பற்றி 2017இல் எழுந்த பீதி நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்த காலம். ஆகஸ்டில் மத்திய அரசு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு, அந்த விளையாட்டின் இணைப்புகளை நீக்கும்படி எழுதியது. நீக்குவதற்கு அப்படி ஒரு செயலியே இல்லை. தற்கொலைச் சம்பவங்களை ஆராய்ந்த குழுவால் எதிலும் அந்த விளையாட்டின் தொடர்பை நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் அரசே மக்களவையில் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் உண்மையான துயரம் என்ன என்ற கேள்வி, தடை பற்றிய பரபரப்பில் பின்னுக்குப் போய்விட்டது.

ஆனால் இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது 2009ஆம் ஆண்டின் முடக்க விதிகளில் 16ஆம் விதி. புகார்கள், எடுத்த நடவடிக்கை எல்லாம் ரகசியம் என்கிறது அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் இதைக் காட்டி மறுத்துவிடுகிறார்கள். குண்டு செய்முறையைத் தடுத்தார்களா, கேலிச்சித்திரத்தைத் தடுத்தார்களா என்று நமக்குத் தெரிய வழி இல்லை. போதாததற்கு, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டி, 'சஹ்யோக்' என்ற வலைவாசல் மூலம் பல துறை அதிகாரிகளும் நேரடியாக நீக்கச் சொல்லும் முறையும் வந்துவிட்டது. 69ஏ பிரிவின் பாதுகாப்புகளைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இது என்று எக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது.

வரதட்சணையைக் கேலி செய்து ஒரு தளம் இருந்தது. மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், நிறம் எல்லாம் கொடுத்தால் அவர் 'விலை' என்ன என்று கணக்குப் போட்டுச் சொல்லும். 'டவ்ரி கால்குலேட்டர்' என்று பெயர். ஒரு பத்திரிகையாளர் 2011இல் நையாண்டியாகச் செய்தது. வரதட்சணையை ஊக்குவிக்கிறது என்ற புகாரின் பேரில் 2018இல் அதை முடக்கினார்கள். அவரிடம் விளக்கம் கேட்கவில்லை, உத்தரவையும் காட்டவில்லை. கேட்டால் ரகசியம் என்றார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உத்தரவின் நகலை அவருக்குக் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதம்.